அப்டேட்டுக்குப் பின் எழாத லேப்டாப்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மரபுகள் குறித்த ஓர் ஆராய்ச்சி

இரவு நலமாகக் கண்மூடிய லேப்டாப், அப்டேட் முடிந்த மறுநாள் காலை எழாதிருப்பது குறித்து நம் பல்கலைக்கழகங்கள் உரிய கவனம் செலுத்தவில்லை. களப்பிரர் காலத்துக்கும் குடவோலை முறைக்கும் கிடைத்த ஆய்வு நிதியில் ஒரு துளிகூட இத்துறைப் பக்கம் சிந்தவில்லை. அக்குறையைப் போக்கும் எளிய முயற்சி இது. ஆய்வெல்லை வருமாறு: வடக்கே கிருஷ்ணன்கோவில், தெற்கே சேத்தூர், கிழக்கே சத்திரப்பட்டி, மேற்கே மலை. மலைமேல் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. அங்குள்ள சாம்பல் நிற அணில்களிடம் லேப்டாப் இல்லாமையால் அப்பகுதி விலக்கப்பட்டது.

இந்த எல்லைக்குள் ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஒரு கோடியில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், மறுகோடியில் 2013-இல் வந்த ராம்கோ பொறியியல் கல்லூரி. நடுவில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள், அவற்றின் தெருவெல்லாம் விடுதிகள், விடுதியெல்லாம் லேப்டாப்புகள். ஊர் ஊராகக் கட்டுத்துணி அனுப்பும் சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருந்தும் இந்த நோய்க்கு மட்டும் கட்டுப் போட வழியில்லை.

வட்டாரத் தேர்வுக்கு இன்னொரு வலுவான காரணம் லேப்டாப்பின் மூடியிலேயே இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய லேப்டாப்பின் மூடியில் அரசு முத்திரை உண்டு. முத்திரையில் கோபுரம் உண்டு. அது ஆண்டாள் கோயில் கோபுரம்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூரின் எந்த டீக்கடையிலும் சத்தியம் செய்வார்கள். இல்லை, மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரம் என்று வாதாடுவோரும் உண்டு. அவர்கள் அந்த வாதத்தை மதுரைக்குள்ளேயே வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. எப்படியானாலும், கோபுரத்தை முதுகில் சுமக்கும் ஒரு பொருள் எழாமல் கிடப்பதை வெறும் கோளாறு என்று தள்ளிவிட இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை.

அந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் ஒன்று, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒன்று என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். அம்பு விசையைத் தட்டத் தவறிய பிள்ளைகள் லினக்ஸுக்குள் போய் விழுந்து, "சார், எனக்கு வேற யாரோட கம்ப்யூட்டரோ வந்திருச்சு" என்று பதறியதுண்டு. இந்த இரட்டை வாசலின் அருமை பின்னர் விளங்கும். 2025 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தார். அவர் விருதுநகர் மாவட்டத்துக்காரர். ஆகவே இந்தத் துறைக்கு எதிர்காலம் பிரகாசம்.

இனி நோயின் வகை. வெளிநாட்டு நூல்கள் எழாமையைச் சுழியமும் எக்ஸும் கலந்த நீண்ட பிழை எண்களால் வகைப்படுத்துகின்றன. அந்த எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கடையில் நீட்டினால், கடைக்காரர் அதை லாட்டரிச் சீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். வடபத்ரசாயி பள்ளிகொண்ட ஊரிலோ வகைப்பாடு தெளிவாக இருக்கிறது. பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை என்றால் கிடந்த கோலம். விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் இருந்த கோலம். வட்டம் சுழன்றபடி 35 சதவீதத்தில் நகராமல் நின்றால் நின்ற கோலம். தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடி அணைவது பிரகாரம் சுற்றுதல். பெருமாள் பொறுத்தருள்வார், ஏனெனில் இந்த வகைப்பாடு வேலை செய்கிறது. கிடந்த கோலத்துக்கு அப்டேட் பெரும்பாலும் காரணமே இல்லை. சார்ஜரையும் பேட்டரியையும் சுவரிலுள்ள சுவிட்சையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். (சுவிட்ச் போடாமலேயே கடைக்கு வந்த லேப்டாப்புகள் இரண்டு ஊரிலும் உண்டு. உரியவர்களின் மானம் கருதி விவரம் தவிர்க்கப்படுகிறது.) இருந்த கோலத்தில் ரேமும் திரைக்கான டிரைவரும் விசாரிக்கப்பட வேண்டியவை. நின்ற கோலமும் பிரகாரமும்தான் உண்மையான அப்டேட் நோய்.

நோயின் காரணம் குறித்து இவ்வட்டாரத்தில் ஓங்கி நிற்பது பஞ்சாங்கக் கோட்பாடு. நகைத்து ஒதுக்கும் முன் அதன் சான்றுகளைப் பார்த்துவிடுவது நேர்மை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் தொடங்கி ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. ராஜபாளையத்தில் இரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. செவ்வாய் வெறுவாய் என்று அன்றைக்கு முகச்சவரம்கூடச் செய்யாத ஊர்களுக்கு, ஒவ்வொரு மாதமும் புதுக் காரியத்தைச் செவ்வாயன்று தொடங்கிவைக்கிறார்கள். விளைவு புதன் காலையில் தெரிகிறது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். புதன் கிடைத்தது, லேப்டாப்தான் கிடைக்கவில்லை.

கிழமையோடு முடியவில்லை, மாதத்தையும் பாருங்கள். 2018 ஜனவரி முதல் வாரத்தில் வந்த விண்டோஸ் திருத்தம் ஏ.எம்.டி. சில்லு கொண்ட பழைய கணினிகள் சிலவற்றை எழவிடாமல் செய்ததால் நிறுத்திவைக்கப்பட்டது: மார்கழி. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த திருத்தம், விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் வாசலை அடைத்தது; பழைய தொடக்க நிரல்களை நம்பத் தகாதவை என்று அது பட்டியலிட்டிருந்தது. ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினி அணைந்தது: ஆடி 28. 2025 அக்டோபர் 14 அன்று வந்த திருத்தம் விண்டோஸின் பழுதுநீக்கும் திரைக்குள் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் செயலிழக்கச் செய்தது. அதாவது கணினி எழாதபோது போக வேண்டிய வைத்திய சாலைக்குள் போய்விடலாம், ஆனால் எதையும் தொட முடியாது: புரட்டாசி 28. அதற்கான மாற்று அக்டோபர் 20-இல் வந்தது, அன்று தீபாவளி. மார்கழி, ஆடி, புரட்டாசி மூன்றும் நம் வீடுகளில் கல்யாணப் பேச்சே எடுக்காத மாதங்கள் என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

இந்தக் கோட்பாட்டின் மணிமகுடம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையோடு கீழே சாய்த்தது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை, வெறும் வெள்ளி அல்ல, ஆடி முதல் வெள்ளி. வேலிக்குள் ஒரு ராஜபாளையம் நாயைக் கட்டிவைக்கிறோம், திருடன் வரவில்லை, நாய் வீட்டுக்காரர் காலையே கவ்விவிட்டது, நடந்தது அவ்வளவுதான். பாதுகாப்பு மென்பொருளுக்கு இயங்குதளத்தின் அடிமையம் வரை நடமாட உரிமை கொடுத்திருந்தார்கள். அங்கே அது இடறினால் மொத்த வீடும் இடறும்.

ஆனால் இங்கேதான் பஞ்சாங்கக் கோட்பாடு தடுமாறுகிறது. அந்தக் கோப்பு உலகத்துக்குப் புறப்பட்டது நம் நேரப்படி காலை 9.39. வெள்ளிக்கிழமை குளிகை 7.30 முதல் 9 வரை, ராகு காலம் 10.30 முதல் 12 வரை, எமகண்டம் பிற்பகல் 3 முதல் 4.30 வரை. மூன்றிலும் சிக்காத குற்றமற்ற வேளையில் கெட்ட கோப்பு கிளம்பியிருக்கிறது. திருத்திய கோப்பு வெளிவந்ததோ 10.57-க்கு, நட்ட நடு ராகு காலத்தில். நோய் நல்ல நேரத்திலும் மருந்து ராகு காலத்திலும் வந்ததை எந்தச் சோதிடர் விளக்குவார்? ஒருவர் விளக்கினார்: "கெட்டதுக்கு நல்ல நேரம் கூடாது, நல்லதுக்கு ராகு காலம் கூடாதுன்னு எந்த ஏட்டுல இருக்கு?"

இன்னொரு மறுப்பையும் முன்வைத்தோம். 2025 மே 13 அன்று வந்த விண்டோஸ் 10 திருத்தம், சில கணினிகளை, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி கேட்கும் திரையில் கொண்டுபோய் நிறுத்தியது. அன்று சித்திரை 30. ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை, கல்யாண மாதம். கோட்பாட்டாளர் அசரவில்லை. "அது அக்னி நட்சத்திரம். கத்திரியில யாராவது பால் காய்ச்சிக் குடி போவாங்களா?" உண்மைதான், அந்த ஆண்டு கத்திரி மே 4 முதல் 28 வரை. அத்தோடு வாதத்தை நிறுத்திக்கொண்டோம். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கும் வசதி பஞ்சாங்கத்தில் இருக்கிறது. குற்றமே இல்லாத செவ்வாய் ஒன்றை இதுவரை யாரும் காட்டவில்லை. இத்தனையையும் விளக்கும் இந்தக் கோட்பாட்டால் ஒரே ஒரு லேப்டாப்பைக்கூட ஆன் செய்ய முடியாது என்பதுதான் அதன்மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு.

பஞ்சாங்கத்தைவிட வலுவான வில்லன் ஒருவர் உண்டு. அவர் மின்கம்பத்தில் இருக்கிறார். மாதந்தோறும் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும் என்று ஊர்ப் பெயர்களோடு முதல் நாள் பத்திரிகையில் செய்தி வரும். வீட்டிலுள்ள பழைய லேப்டாப்பின் பேட்டரியோ எப்போதோ காலமாகியிருக்கும். சார்ஜர் வயரில்தான் அதன் உயிர். புதன் காலை எட்டே முக்காலுக்கு ஆன் செய்தால், இரவு இறங்கிய அப்டேட் அப்போதுதான் வேலையைத் தொடங்கும். அணைக்காதீர்கள் என்று திரை கெஞ்சும். ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். கோப்பு பாதி பழையது, பாதி புதியது என்ற நிலையில் கணினி நிற்கும். இந்தக் காட்சியில் ராகுவுக்கோ கேதுவுக்கோ வசனமே கிடையாது.

இனி வைத்திய மரபுகள். ராஜபாளையத்து மரபைக் கழற்று நெறி எனலாம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இயந்திரத்தோடு வாழ்ந்த ஊர். அங்கே ஒன்று நின்றுவிட்டால் மூடியைத் திறந்துவிட்டுத்தான் பேச்சு. லேப்டாப்பைக் கொடுத்த கையோடு அது கவிழ்க்கப்படும். ஸ்க்ரூக்கள் ஒரு மூடியில் சேரும். ரேமை உருவி, அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகுவார்கள். பேட்டரியையும் சார்ஜரையும் விலக்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது இந்நெறியின் இன்னொரு சடங்கு. தொடர்பற்றவர்கள் இதைச் சடங்கு என்று சிரிக்கலாம். ஆனால் பஞ்சுத் தூசியும் ஈரமும் படிந்த முனைகள் ரப்பர் பட்டதும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தும். அழுத்திப் பிடித்த பட்டன் பலகையில் தேங்கிய மின்சாரத்தை வடித்து, சிக்கிக்கொண்ட சில்லுகளைப் புதிதாக எழுப்பும். இரண்டும் நல்ல வைத்தியம்.

அப்டேட்டுக்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெரும்பாலும் இல்லை. நாம் லேப்டாப்பை அணைப்பதே கிடையாது, மூடி வைக்கிறோம். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் 8 முதல் அது பாதித் தூக்கம்தான், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில். அப்டேட் மட்டுமே அதை உண்மையாக ரீஸ்டார்ட் செய்கிறது. பல வாரமாக உள்ளே மறைந்திருந்த நோவெல்லாம் அந்த ஒரு ரீஸ்டார்ட்டில் வெளியே வருகிறது. பழியை அப்டேட் சுமக்கிறது. மாப்பிள்ளை வந்த நேரம் என்று புது மருமகன்மீது பழி போடும் குடும்பங்களுக்கு இது புதிதல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு காத்திரு நெறி. அங்கே ஒரு கடையில் கேட்டது: "அது பாட்டுக்கு ஓடட்டும் தம்பி. நீங்க போயி கோயில் பாத்துட்டு, கால் கிலோ பால்கோவா வாங்கிட்டு வாங்க." சோம்பல் போலத் தோன்றும் இந்த அறிவுரைக்குப் பின்னால் உண்மை இருக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் கொண்ட பழைய லேப்டாப்பில் பெரிய அப்டேட் ஒன்று மணிக்கணக்கில் ஓடும். 35 சதவீதத்தில் நின்றதாகத் தோன்றும் வட்டம் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பொறுக்காமல் அணைப்பவர்தான் நோயைக் கொண்டுவருகிறார். காத்திரு நெறிக்கு உலக அங்கீகாரமும் கிடைத்தது. 2024 ஜூலைச் சரிவின்போது, அஷ்யூர் மேகக் கணினிகள் சில 15 முறை வரை ரீஸ்டார்ட் செய்த பிறகு எழுந்தன என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே அறிவித்தது. சரிவதற்குள் இணையத்தில் தொட்டுத் திருத்திய கோப்பை இழுத்துக்கொள்ள ஏதாவது ஒரு சுற்றில் வாய்ப்புக் கிடைக்கும் என்பது அதன் தத்துவம். பதினைந்து பிரகாரம் சுற்றினால் காரியம் கைகூடும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்ட ராஜபாளையத்துக் கடைக்காரர் ஒருவரின் மறுப்புரை: "காத்திருந்தா தானா சரியாகும்னா நாங்க எதுக்குண்ணே வாடகை குடுத்துக் கடை வச்சிருக்கோம்?"

இரண்டு நெறிகளையும் விழுங்கிக்கொண்டிருப்பது மூன்றாவது ஒன்று. அதற்கு ஊர் கிடையாது. தென்காசி ரோட்டிலும் உண்டு, மாடவார்வளாகத்திலும் உண்டு. லேப்டாப்பைத் திறந்த மறுகணம் தீர்ப்பு: "ஓஎஸ் போட்டுருவோம்ணே." பிறகு ஒரு கேள்வி: "டேட்டா வேணுமாண்ணே?" மகனின் லேப்டாப்பைத் தூக்கிவந்த தகப்பனார் சொல்கிறார்: "அதெல்லாம் வேணாம் தம்பி, வீட்டுல வைஃபை இருக்கு." அன்று மாலை மகள் கல்யாணப் படங்களும் மகனின் கல்லூரி புராஜெக்டும் ஃபார்மட்டில் போய்ச் சேரும். கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. நோயைக் கண்டுபிடிக்க ஒரு நாள் செலவழித்தால் அதற்குக் கூலி கேட்க முடியாது; ஓஎஸ் போட ஒரு மணி நேரம், கட்டணம் முன்கூட்டியே தெரிந்தது. ஆனாலும் கடைசி வைத்தியத்தை முதல் வைத்தியமாகச் செய்வது இந்த வட்டாரத்தின் பெரிய கேடு என்றே இவ்வாய்வாளர் கருதுகிறார். இந்த ஒரு விஷயத்தில் நடுநிலை வகிக்க விருப்பமில்லை.

கழற்றுவதா, காத்திருப்பதா என்ற சண்டையே வீண். இரண்டுக்கும் வேளை உண்டு. நின்ற கோலத்தில் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும், சார்ஜரோடு. இரண்டு மூன்று மணி நேரமாகியும் விளக்கும் அசையாமல் திரையும் மாறாமல் இருந்தால் மட்டுமே கைவைக்கலாம். இருந்த கோலத்தில் முதலில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பார்ப்பது நல்லது. திரை டிரைவர் மட்டும் தூங்கியிருந்தால் ஒரு பீப் சத்தத்தோடு விழிக்கும். எழாவிட்டால் ராஜபாளையத்து அரை நிமிடச் சடங்கு. அதற்கும் அசையாவிட்டால், வட்டம் சுழலும்போது பட்டனைப் பத்து விநாடி பிடித்து அணைக்க வேண்டும். அப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை விண்டோஸ் தானே பழுதுநீக்கும் திரைக்குள் போகும். அணைக்காதே என்று கெஞ்சிய அதே மென்பொருள், மூன்று முறை அணைத்தால்தான் வைத்திய சாலைக் கதவைத் திறக்கிறது. இதில் தர்க்கம் தேடுவது நேர விரயம்.

அந்தத் திரையில் ட்ரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கும். மாதாந்திரத் திருத்தத்தை நீக்கக் குவாலிட்டி, பெரிய பதிப்பு மாற்றத்தை நீக்க ஃபீச்சர். இரண்டாவதற்குப் பத்து நாள்தான் அவகாசம். பிறகு பழைய பதிப்பின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். இது பலிக்காவிட்டால் சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட். கோபுரம் பொறித்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வாசல்: பட்டியலில் பாஸ் லினக்ஸைத் தேர்ந்துபாருங்கள். அது எழுந்துவிட்டால் இயந்திரம் நலம், நோய் விண்டோஸுக்கு மட்டும் என்று பொருள். உள்ளே போய்ப் படங்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். மற்றவர்கள் ஒரு லினக்ஸ் பென்டிரைவைச் சொருகி இதே வேலையைச் செய்யலாம். படங்கள் வெளியே வந்த பிறகு ஓஎஸ் போடட்டும், யார் தடுத்தார்?

பென்டிரைவும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாப்ட் கணக்கோடு தொடங்கும் புது லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அப்டேட்டுக்குப் பின் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டால், சாவி முதலில் நுழைந்தவருடைய கணக்கில் இருக்கும். வாங்கிய அன்று அவசரத்தில் கடைத் தம்பி தன் மெயில் ஐடியைப் போட்டுத் திறந்துகொடுத்திருந்தால், உங்கள் கல்யாணப் படங்களின் சாவி அந்தத் தம்பியிடம் இருக்கிறது; தம்பி இப்போது திருப்பூரில் வேலைக்குப் போயிருப்பார்.

ஆகையால் இதைப் படித்து முடித்ததும், லேப்டாப் இன்னும் எழும் நிலையில் இருக்கும்போதே, உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கைப் போனில் திறந்து அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பீரோவில் வையுங்கள். தயவுசெய்து அதை டைப் அடித்து அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைக்காதீர்கள்.